கொட்டி

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக் கொட்டகையில் இருந்தவர்கள்: முதலாளி, அவருடைய மகன், போர்மேனாக வேலை பார்த்த என் மச்சான், வெடிக்கு மருந்து செலுத்தும் ரூமில் வேலை பார்த்த அவர் மனைவியான என் அக்கா, மழைக்கு ஒதுங்கி நின்ற மற்ற வேலையாட்கள், நான். இல்லாதவர்கள்: ஆர்டர் பிடித்துக் கொடுத்த ஏஜெண்ட், சரக்குக்கு அட்வான்ஸ் கட்டியிருந்த வடக்கத்தி வியாபாரி, அந்த வெடியை வாங்கிக் கொளுத்தப் போகிறவர்கள் அத்தனை பேரும். ஏஜெண்ட் சிவகாசியில் ஒரு லாட்ஜில் இருந்தார். கேட் ரூம் டெலிபோனில் அவர் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

கலந்து வைத்த மருந்து நாலு ரூமில் அப்படியே கிடந்தது. அதை என்ன செய்வது என்பதுதான் பேச்சு. என்ன செய்தார் என்று சொல்வதற்கு முன்னால் முதலாளி எப்படிப்பட்ட ஆள் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அன்றைக்கு நடந்தது புரியாது.

அவர் பேரை நான் எழுதப் போவதில்லை. அச்சில் பேர் வந்தால் விளம்பரக் காசு கேட்டு ஆள் வந்துவிடுமோ என்று பயப்படுகிற மனிதர். அக்கம்பக்கத்து ஆபீஸ்காரர்கள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பேர் போதும். கொட்டி. "கொட்டி போறாரு பாரு" என்றால் தாயில்பட்டி டீக்கடையில் எல்லாருக்கும் தெரியும்.

ஆபீஸ் என்றேன் இல்லையா, எங்கள் பக்கத்தில் ஆபீஸ் என்றால் மேஜை நாற்காலி கிடையாது. தீப்பெட்டி ஆபீஸ், வெடி ஆபீஸ். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். பி.காம். முடித்து இவரிடம் கணக்கு பார்க்கச் சேர்ந்த அன்று, என் அம்மா தெருவில் நின்று, "எம்மகன் ஆபீசுக்குப் போறான்" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். "அதான் தெருவே போகுதே" என்றாளாம் எதிர்வீட்டுக்காரி.

முதலாளி என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏலே டிகிரி" என்பார். முதல் நாள் எனக்குக் கொடுத்த வேலை, பார்சல் கட்டி வந்த நைலான் கயிற்றின் முடிச்சை அவிழ்ப்பது. நான் பிளேடை எடுத்தேன். "அறுத்துராத. காலேஜுல முடிச்சு அவுக்கச் சொல்லித் தரலையாக்கும்?" என்று தானே உட்கார்ந்து, நகத்தால் நெருடி நெருடி அவிழ்த்து, கையில் சுற்றி டிராயரில் போட்டார். அந்த டிராயரைத் திறந்தால் கயிறு கயிறாக வரும்.

கஞ்சத்தனத்தில் அவரை அடிக்க ஆள் கிடையாது. காலண்டர் அச்சாகிற ஊரில் இருந்துகொண்டு ஒரு நாளும் வெள்ளைத்தாள் வாங்கியதில்லை. அச்சாபீசில் கழித்துப் போட்ட தாள்களை எடைக்கு வாங்கி வருவார். எங்கள் ஆபீஸ் பில்லைத் திருப்பிப் பார்த்தால் பாதி முருகன் இருப்பார், அல்லது கன்று இல்லாத பசு இருக்கும். திருத்தங்கலில் இருந்து டி.வி.எஸ். பிப்டியில் வருவார். வழியில் ஒரு சின்ன இறக்கம் உண்டு. அது வந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டே இறங்குவார். ஒரு தடவை பின்னால் உட்கார்ந்திருந்த நான், "எம்புட்டு மொதலாளி மிச்சமாகும்?" என்று கேட்டேன். "நீ எறங்கிட்டா இன்னுங் கொஞ்சம் மிச்சமாகும்" என்றார்.

வேலைக்கு வரும் பெண்கள் சேலைக்கு மேல் பருத்திச் சட்டை போட வேண்டும். நைலான், பாலியெஸ்டர் உரசினால் பொறி வரும் என்று யாரையும் அதோடு உள்ளே விடமாட்டார். சட்டையை ஆபீஸே கொடுக்கும். எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். மூட்டையைப் பிரித்துப் பார்த்தால், ஏதோ பள்ளிக்கூடத்துக்குத் தைத்து வேண்டாமென்று தள்ளிய யூனிபார்ம் சட்டைகள். பாக்கெட்டில் பேட்ஜ்கூட அப்படியே இருந்தது. தடித்த பருத்தி, விலை காலே அரைக்கால். அஞ்சாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட என் அக்கா அதைப் போட்டுக்கொண்டு வேனில் ஏறியபோது, "ஏலே தம்பி, நான் இப்பத்தான் பெரிய பள்ளிக்கூடம் போறேன்" என்று சொல்லிச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவள் நின்றதால்தான் நான் படித்தேன்.

இப்படிப்பட்ட மனிதர் தினமும் சாயங்காலம் வேலை முடியப் போகிற நேரத்தில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வரிசையாக ரூம்களுக்கு நடப்பார். "மிச்சம் இருக்கா?" என்பார். இருக்கும். வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் என்று தனித்தனியாக இருக்கும்போது மூன்றும் சாதுதான். கலந்துவிட்டால் அதற்குப் பேர் மருந்து. காலைக் குளிர்ச்சியில் அன்றன்றைக்குத் தேவையானதைத்தான் கலக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிற சனம், நடுவில் மருந்து தீர்ந்து கை சும்மா இருந்துவிடக் கூடாதே என்று ஒரு பிடி கூடத்தான் கலக்கும். சாயங்காலம் அந்த ஒரு பிடி மிஞ்சும்.

மிஞ்சியதை எடுத்து வைப்பது எங்கள் சனத்தின் வழக்கம். சோறு மிஞ்சினால் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிப்போம். குழம்பு மிஞ்சினால் சுண்டவைப்போம். சோற்றைக் கொட்டினால் வீட்டில் அடி விழும். அந்தக் கையே மருந்தையும் மூடி வைத்துவிட்டுப் போகிறது. எங்கள் பக்கத்தில் விபத்து என்று கேள்விப்பட்டு ஓடும்போது பெரியவர்கள் முதலில் கேட்பது, "நேத்து மருந்தா?" என்றுதான்.

முதலாளி மிச்சத்தை எடுக்கச் சொல்லி, ஆபீசின் கடைக்கோடியில் இருக்கும் சிமெண்டுத் தொட்டிக்கு அருகில் போய் நிற்பார். தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும். மெதுவாகக் கொண்டுவந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பார்கள். கடைசித் தட்டு கழுவி முடியும்வரை அவர் நகரமாட்டார். ஒரு குண்டூசி கீழே விழுந்தால் குனிகிறவர், அவ்வளவு காசு தண்ணீரில் போவதை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்டு நிற்பார். அதனால்தான் கொட்டி.

"ஏம் மொதலாளி, மூடி வச்சா காலையில ஆகாதா?" என்று புதிதாக வந்த ஒருவன் கேட்டான்.

"சோறு ராத்திரி தூங்கும்லே. மருந்து தூங்காது. கொஞ்சம் ஈரம் பட்டுச்சுன்னு வையி, உள்ளுக்குள்ளயே வெந்துக்கிட்டுக் கெடக்கும். வெளியில ஒண்ணுந் தெரியாது. காலையில போயி நீ கை வச்சேன்னா, வாடா மாப்ளன்னு எந்திரிச்சு வரும்."

அவருடைய மகன் கோயம்புத்தூரில் எம்.பி.ஏ. படித்தவர். நாங்கள் சின்ன முதலாளி என்போம். கெட்டவர் இல்லை, கணக்குத் தெரிந்தவர். ஒரு நாள் தொட்டி பக்கத்தில் நின்று சொன்னார்: "அப்பா, நீங்க காலையிலருந்து கயிறு, தாளு, பெட்ரோல்னு மிச்சம் புடிக்கிறது பூராம் சாயந்தரம் இந்தத் தொட்டியில கரையுது."

"அதுக்குத்தாம்லே மிச்சம் புடிக்கேன்" என்றார் முதலாளி.

அவரைப் பற்றி எனக்கு அதுவரை இருந்தது மரியாதைதான். பெருமை என்று சொல்லத் தொடங்கியது விருதுநகரில் நடந்த ஒரு கூட்டத்துக்குப் பிறகு.

தொழில் நடத்துகிறவர்களுக்காக ஒரு மண்டபத்தில் ஒருநாள் கருத்தரங்கு. பொறுப்புள்ள தொழில், நீடித்த வளர்ச்சி என்று பெரிய பேனர். மத்தியானச் சாப்பாடு இலவசம் என்று அழைப்பில் போட்டிருந்ததால் முதலாளி கிளம்பிவிட்டார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பஸ்சில் எனக்கும் அவரே டிக்கெட் எடுத்தார், அதை நான் ஊரில் வந்து சொன்னபோது யாரும் நம்பவில்லை.

சென்னையில் இருந்து வந்த ஒரு அம்மா பேசினார். நன்றாகவே பேசினார். பிறகு ஒவ்வொருவராக எழுந்து, தங்கள் தொழில் நீடித்து நிற்க என்ன செய்கிறோம் என்று சொல்லச் சொன்னார். ஒருவர் மரம் நட்டேன் என்றார். இன்னொருவர் சோலார் போட்டேன் என்றார். முதலாளி முறை வந்தது. எழுந்து நின்று, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "சாயந்தரம் ஆச்சுன்னா கொட்டிருவோம்மா" என்றார்.

மண்டபம் சிரித்தது. எங்கள் ஊரில் அந்த வார்த்தைக்கு இருந்த பெருமை அங்கே யாருக்குத் தெரியும்? குப்பையைக் கொட்டுகிறவர் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை.

"எங்க கொட்டுவீங்க ஐயா?"

"தொட்டியில. தண்ணியில கரைச்சிருவோம்."

"அந்தத் தண்ணி எங்க போகும்?"

முதலாளி "ஓடைக்கு" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஏன் கொட்டுகிறோம், கொட்டாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லப் பாய்ந்து எழுந்தேன். சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "உக்காருலே டிகிரி. அந்தம்மா கேட்டது சரியாத்தான இருக்கு."

சாப்பாட்டில் அவர் இரண்டாவது தடவை பாயசம் வாங்கவில்லை. அப்போதே எனக்கு ஏதோ என்று தெரிந்தது. திரும்பி வரும் பஸ்சில் வெயில் முகத்தில் அடித்தது, ஷட்டரைக்கூட இறக்கவில்லை. ஊர் நெருங்கும்போது சொன்னார்: "அந்த ஓடையிலதான ஆடு தண்ணி குடிக்கும்."

அடுத்த வாரமே இரண்டாவது தொட்டி. யாரோ வீடு கட்டி மிஞ்சிய சிமெண்டு, இடித்த கட்டடத்துச் செங்கல், அது அவர் குணம். ஆழமில்லாமல் அகலமாகக் கட்டினார். கரைத்த தண்ணீர் அதற்குள் போய் எங்கள் ஊர் வெயிலில் வற்றும். "வெயிலுக்கு ஒருத்தனும் பில்லு போட மாட்டான்" என்று சொல்லிக்கொண்டார். அடியில் தங்கும் சேறு கழிவு எடுக்கிற லாரியில் போக வேண்டும். அதற்குக் காசு. லாரிக்காரனிடம் அரை மணி நேரம் பேரம் பேசி, அவனை அழ வைத்து, பிறகு கொடுத்தார். மாதா மாதம் கொடுத்தார். ஓடைக்குப் போன குழாயை அவரே பிடுங்கிப் பழைய இரும்புக்கடையில் போட்டார்.

"இத நம்ம வெப்சைட்டுல போடலாம்ப்பா. வெளிநாட்டு ஆர்டருக்கு இதெல்லாம் கேக்காங்க" என்றார் சின்ன முதலாளி.

"இத்தன வருசம் ஓடைக்கு விட்டதையும் சேத்துப் போடுவியா?"

சின்ன முதலாளி போடவில்லை.

இப்போது அந்தச் சனிக்கிழமை.

தீபாவளி நெருங்கிவிட்டது. வடக்கே போக வேண்டிய கடைசி லோடு. திங்கட்கிழமை மத்தியானம் லாரி வந்து நிற்கும், ஏற்றிவிட்டால் சீசன் முடிந்தது. தவறினால் சரக்கு தீபாவளிக்கு முன்னால் போய்ச் சேராது. சேராத வெடியை யார் வாங்குவார்கள்? அந்த ஒரு ஆர்டரை நம்பித்தான் அந்த வருஷம் கூடுதலாக ஒரு போனஸ் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். அவர் வாயில் இருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே அதிசயம் என்று ஆளுக்கொரு கனவு கண்டிருந்தார்கள். அக்கா தகரக் கூரையைப் பிரித்துத் தளம் போட ஆள் சொல்லி வைத்திருந்தாள்.

காலையில் நல்ல வெயில். எல்லா ரூமுக்கும் முழுசாக மருந்து கலந்தாகிவிட்டது. பதினோரு மணிக்கு மேற்கே கறுத்தது. முதல் இடி கேட்டதும் மச்சான் மணியை அடித்தார். இடி கேட்டால் கையில் இருப்பதை வைத்துவிட்டு எல்லாரும் ரூமை விட்டு வெளியேற வேண்டும், அது எங்கள் ஆபீசில் சாமி கும்பிடுவது மாதிரி. கொட்டகையில் வந்து உட்கார்ந்தோம். மழை விடவில்லை. ஐப்பசி மழைக்கு நேரம் காலம் உண்டா. மூன்று மணிக்கு மேல் தூறலாகக் குறைந்தபோது வேலை செய்ய நேரம் இல்லை. மறுநாள் ஞாயிறு. கலந்த மருந்து ஒரு கைப்பிடிகூடச் செலுத்தப்படாமல் ஈரக்காற்றில் கிடந்தது.

கொட்டிவிட்டுத் திங்கட்கிழமை புதிதாகக் கலக்கலாம் என்றால் அலுமினியப் பவுடர் இல்லை. சீசன் கடைசியில் டவுனில் எங்கும் இல்லை. மழை பிடித்ததுமே நான் எல்லாக் கடைக்கும் போன் போட்டுப் பார்த்திருந்தேன்.

சின்ன முதலாளி காரைக் கேட்டில் விட்டுவிட்டு நனைந்தபடி வந்தார். "அப்பா, தார்ப்பா போட்டு மூடிப் பூட்டிருவோம். திங்கக்கெளம விடியவும் வந்து எடுத்தா லாரி வர்றதுக்குள்ள முடிச்சிரலாம். சுத்தியிருக்கிற ஆபீசுல எல்லாம் இன்னைக்கு அதான நடக்கும்?"

கேட் ரூமில் டெலிபோன் அடித்தது. முதலாளி என்னைப் பார்த்து, "நீ பேசு" என்றார். ஏஜெண்ட் குரல் கொட்டகைவரை கேட்டது. "தம்பி, ஒங்க மொதலாளிட்ட சொல்லுங்க, ஒரு ராத்திரிதான. என்னத்த ஆயிரப்போகுது?"

"ரெண்டு ராத்திரி சார்" என்றேன்.

"ரெண்டுதான். மூணு இல்லையே."

நான் ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டு ஓடி வந்து சொன்னேன். முதலாளி மழைத்தண்ணீர் சொட்டும் ஓட்டு முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது என் அக்கா எழுந்தாள். அந்தப் பள்ளிக்கூடச் சட்டையில், ஈரத்தலையோடு.

"மொதலாளி, நான் ஒண்ணு சொல்லவா. வருசம் பூராம் கொட்டுதீக. நாங்க ஒரு வார்த்த பேசியிருக்கமா? எங்க கைக்கூலியும் சேந்துதான் அதுல போகுது. இன்னைக்கு ஒரு நாளு மூடி வைங்க. இது எங்க போனசு. நாங்களுந்தான கேக்கோம்."

"ஆமா மொதலாளி" என்றது கொட்டகை. அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனக்கே அப்படித்தான் பட்டது.

முதலாளி எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "சரி. மூடிருவோம். திங்கக்கெளம காலையில மொதல்ல அந்த ரூம்புக் கதவத் தொறக்குறது யாரு? பேரச் சொல்லுங்க."

முன்னால் நின்றவர்கள் மெல்லப் பின்னால் நகர்ந்தார்கள்.

"நான் தொறக்கேம்ப்பா" என்றார் சின்ன முதலாளி. உண்மையாகவே சொன்னார், விளையாட்டுக்கு இல்லை.

"நீ தொறப்ப. தொறந்துட்டு கார்ல ஏறிருவ. உள்ள போயி அள்ளுறது யாரு?"

மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டார். "நான் அள்ளுதேன் மொதலாளி. போர்மேன் நான்தான."

முதலாளி அவரைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தார். "ஏத்தா, ஒன் வீட்டுக்காரன் அள்ளுதேங்கான். நீ சரின்னு ஒரு வார்த்த சொல்லிரு. தார்ப்பாய நானே மூடுதேன்."

"அவகிட்ட எதுக்கு மொதலாளி..." என்றார் மச்சான்.

"நீ சும்மா இரு. ஒன்னயக் கேக்கல."

அக்கா சட்டையின் நுனியை முறுக்கிப் பிழிந்தாள். தண்ணீர் சொட்டியது. நின்றுபோன பிறகும் பிழிந்துகொண்டே இருந்தாள். கேட் ரூமில் மேஜைமேல் கிடந்த ரிசீவரில் இருந்து, "ஹலோ, ஹலோ" என்று ஏஜெண்ட் கத்திக்கொண்டிருந்தார். அக்காவுக்குக் கல்யாணமாகி இந்த ஆபீசுக்கு வந்த நாளில் இருந்து அவளும் மச்சானும் ஒரே வேனில் வந்து ஒரே வேனில் திரும்புகிறவர்கள்.

"கொட்டிருங்க மொதலாளி" என்றாள். பிறகு குரல் மாறியது. "ஆனா தளத்துக்கு ஆள் வரச் சொல்லியாச்சு. அவுகளுக்கு என்ன பதில் சொல்ல? அத நீங்க சொல்லுங்க."

"அதுக்கு என்கிட்ட பதில் இல்லத்தா" என்றார் முதலாளி. "ஆர்டர் போச்சுன்னா நான் சொன்ன போனசுல பாதிதான் குடுக்க முடியும். அதையும் இப்பமே சொல்லிருதேன்."

வேறு ஒரு முதலாளியாக இருந்தால் அந்த நேரத்தில், 'ஒங்களுக்கு ஒரு கொறையும் வராது, நான் இருக்கேன்' என்று கையைத் தூக்கிச் சொல்லியிருப்பார். இவர் பாதி என்றார். ஒன்றிரண்டு பேர் காதில் விழுகிறபடியே வைதார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு தொட்டியைப் பார்த்து நடந்தார்.

இருட்டுவதற்குள் முடிய வேண்டுமே என்று எனக்குப் பதற்றம். அவர் அவசரப்படவே இல்லை. மச்சானும் கலவைக்காரர்களும் ஈரத் தரையில் அடி அடியாக வைத்து, ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே ஆள் இடைவெளி விட்டுக் கொண்டுவந்தார்கள். தினமும் ஒரு பிடி குடித்துப் பழகிய தொட்டி. அன்றைக்கு ஒரு சீசனையே குடித்தது. "நம்ம ஆபீசுலயே நல்லாச் சாப்புடுறது இதுதாம்ப்பா" என்றான் ஒருவன். யாருக்கும் சிரிப்பு வரவில்லை, முதலாளி மட்டும் லேசாகச் சிரித்தார். தண்ணீர் சாம்பல் நிறமாகி, பிறகு கறுத்தது.

திங்கட்கிழமை வந்த லாரி எங்கள் கேட்டில் நிற்காமல் வேறு ஆபீசுக்குப் போனது. அங்கே ஏற்றினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. எங்கேயும் ஒன்றும் நடக்கவில்லை, அந்த வாரம் எங்கள் வட்டாரமே நல்லபடியாகத் தீபாவளிக்குப் போனது. இதை நான் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதலாளி சொன்னதை நிரூபிக்கிற மாதிரி எதுவும் வெடிக்கவில்லை.

டீக்கடையில் பக்கத்து ஆபீஸ்காரர் ஒருவர் பிடித்துக்கொண்டார். "என்ன கொட்டி, மூடி வச்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. அநியாயமா லோடப் போக்கிட்டீக."

"ஆயிருக்காதுதான்" என்றார் முதலாளி.

எனக்கு ஆத்திரம். வெளியே வந்ததும் கேட்டேன், "ஏம் மொதலாளி அப்படிச் சொன்னீக? ஆயிருக்கும்னு சொல்ல வேண்டியதுதான?"

"எனக்குத் தெரியாதுல்லலே. ஆயிருக்கும்னு சொன்னாப் பொய்யி. ஆகாதுன்னு எவனாவது எழுதிக் குடுத்தானா? தெரியாத எடத்துக்குள்ள ஒருத்தன அனுப்புறதுக்கு எனக்கு லைசென்ஸ் குடுக்கல." டி.வி.எஸ்.ஸை மிதித்துக் கிளப்பினார். "ஏறு. டீக்கு நீ குடுத்தியா, நான் குடுத்தனா?" நான்தான் கொடுத்திருந்தேன்.

அக்கா அந்தத் தீபாவளியைத் தகரக் கூரைக்குக் கீழேதான் கொண்டாடினாள். தளம் போட வந்தவனிடம் அடுத்த வருஷம் வா என்று சொல்லி அனுப்பும்போது, முதலாளியின் மூன்று தலைமுறையையும் இழுத்து வைதாள். தெருவே கேட்டது. பைப்படியில் ஒருத்தி, "ஒங்க மொதலாளி கிறுக்கன்டி" என்று கூடச் சேர்ந்தாள். அவ்வளவுதான், குடத்தை இறக்கி வைத்துவிட்டாள் அக்கா. "எங்க மொதலாளிய நான் வைவேன். நீ யாருடி வைய?"

இப்போது முதலாளிக்கு முழங்கால் சரியில்லை. வீட்டோடு இருக்கிறார். சின்ன முதலாளி ஆபீசைப் பார்த்துக்கொள்கிறார். தேவைக்கு மேல் கலக்காதபடி அளவைக் கச்சிதமாக்கி, மிஞ்சுகிற மருந்தைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்திருக்கிறார். எம்.பி.ஏ. மூளை. ஆனாலும் வேலை முடிகிற நேரத்தில் அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு ரூம் ரூமாக நடக்கிறார், "மிச்சம் இருக்கா?" என்று அதே குரலில் கேட்கிறார்.

எங்கள் பக்கத்து பஸ் நிறுத்தங்களில் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ்கள் நிற்கும். சில நேரம் ஒரே பிளக்சில் நாலைந்து முகங்கள். போட்டோவுக்குக் கீழே ஆபீஸ் பேர் போடமாட்டார்கள், ஆனால் எந்த ஆபீஸ் என்று ஊருக்குத் தெரியும். எங்கள் ஆபீசுக்கு அப்படி ஒன்று வைக்கிற தேவை இதுவரை வரவில்லை. எங்கள் வேன் டிரைவர் சாயங்காலம் தலை எண்ணுவதில்லை. காலையில் ஏறினவர்கள் ஏறிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். தொழில் நடத்துகிறவர்கள் எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது என்னிடம் கேட்டால், நான் இதைத்தான் சொல்கிறேன். கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் சொல்கிறேன்.

அந்த வருஷம் தீபாவளி கழிந்த வாரம், அந்தச் சனிக்கிழமைக்காகப் போனது மொத்தம் எவ்வளவு என்று கணக்குப் பார்க்கச் சொன்னார் சின்ன முதலாளி. கரைத்த மருந்து, கூலி, போன லாபம் என்று அக்கா வீட்டில் உட்கார்ந்து வாய்விட்டுக் கூட்டிக்கொண்டிருந்தேன். அரிசி களைந்துகொண்டிருந்த அக்கா திரும்பினாள்.

"எங்க பாதி போனசச் சேத்தியா?"

"அது மொதலாளி காசுல வராதுக்கா. அது ஒங்களுக்குப் போனது."

"கொட்டச் சொன்னது நானு. அவரு மட்டுமா குடுத்தாரு? எல்லாரோடதையும் சேத்துப் போடு."

சேர்த்தேன்.

"இப்ப எம்புட்டு?"

"பதினாலு லட்சத்து முப்பதாயிரம்."